சேலத்தில் சரி, ஏற்காட்டில் கூடுதல்: நானோ ஆம்பியர் சென்சர் போர்டு எங்கே கசிகிறது?

மூன்று_மின்முனை

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக ஒரு குளுக்கோஸ் சென்சர் செய்கிறோம். பிளாட்டினம் மின்முனை மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி, அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை 0.6 வோல்ட் கொடுத்து அளக்கிறோம். ரெஃபரன்ஸ் மின்முனை சில்வர் - சில்வர் குளோரைடு, மூன்றாவதாக ஒரு கவுன்ட்டர் மின்முனை. சர்க்கரை அளவைப் பொறுத்து 5 நானோ ஆம்பியர் முதல் 80 நானோ ஆம்பியர் வரை வருகிறது. மொத்த போர்டும் ஒரே ஒரு சிஆர்2032 பட்டன் செல்லில் மூன்று மாதம் ஓட வேண்டும் என்று எங்கள் கைடு சொல்லியிருக்கிறார்.

இப்போது போர்டில் இருப்பது: இரண்டு ஓபிஏ333 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்), ஒன்று மின்முனைகளுக்கு அந்த 0.6 வோல்ட் பயாஸ் கொடுக்க, மற்றொன்று மின்னோட்டத்தை வோல்ட்டேஜாக மாற்ற. ஃபீட்பேக் ரெசிஸ்டர் 10 மெகா ஓம். அந்த வோல்ட்டேஜை எண்ணாக மாற்ற ஏடிஎஸ்1115 ஏடிசி. அப்புறம் ஒரு சின்ன புளூடூத் கன்ட்ரோலர், அது பெரும்பாலும் தூங்குகிறது.

பிரச்சினை இரண்டு. லேபில் சர்க்கரை கலக்காத பஃபர் கரைசலில் வைத்தால் 1 நானோ ஆம்பியருக்குக் கீழே நிற்கிறது. அதே போர்டை, அதே பஃபரோடு ஏற்காட்டில் நண்பன் வீட்டில் காலையில் வைத்துப் பார்த்தால் 3, 4 என்று ஏறுகிறது, வெயில் ஏறியதும் தானாக இறங்குகிறது. மின்முனையையும் மாற்றிப் பார்த்துவிட்டோம், அப்படியேதான். இரண்டாவது, போர்டு இழுக்கும் மின்னோட்டம் 190 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஆன் செய்து, பத்து விநாடி அளந்துவிட்டு மறுபடி அணைத்துவிடலாமா?

பட்டன்செல்

கணக்கை முதலில் பார்த்துவிடலாம் தம்பி. சிஆர்2032 என்பது சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. மூன்று மாதம் என்றால் ஏறக்குறைய 2160 மணி நேரம். வகுத்தால் சராசரி 104 மைக்ரோ ஆம்பியர்தான் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் 190 இழுக்கிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது: ஏடிஎஸ்1115 தொடர்ந்து ஓடினால் 150, ஓபிஏ333 ஒவ்வொன்றுக்கும் 17, இரண்டுக்கும் 34. கூட்டினால் 184. மிச்சம் தூங்கும் கன்ட்ரோலரும் ரெசிஸ்டர் டிவைடரும். ஆகவே சப்ளையை வெட்ட ஒரு லோடு ஸ்விட்ச் வைத்து மொத்தத்தையும் அணைத்துவிட்டால் சராசரி பத்துக்குக் கீழே வந்துவிடும், வேலை முடிந்தது.

நொதிக்காரி

அந்த லோடு ஸ்விட்ச்சைத் தயவுசெய்து சென்சர் பக்கம் வைக்காதீர்கள். கணக்கில் அழகாக வரும், அளவு கெட்டுப்போகும்.

மின்முனைக்கும் கரைசலுக்கும் நடுவில் ஒரு இரட்டை அடுக்கு உருவாகிறது. அது ஒரு கெபாசிட்டர் மாதிரியே நடந்துகொள்ளும், ஒரு சதுர செ.மீ.க்குப் பத்து முதல் சில பத்து மைக்ரோ ஃபாரட் வரை இருக்கும். பயாஸை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது முதலில் அதை நிரப்ப ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதைவிடப் பெரிய சங்கதி, பயாஸ் இல்லாத நேரத்திலும் நொதி சும்மா இருப்பதில்லை. பெராக்சைடு சேர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தின்ன ஆளில்லை. ஆன் செய்ததும் சேர்ந்த அத்தனையும் ஒரேயடியாக ஆக்சிடைஸ் ஆகும், அந்த மின்னோட்டம் நேரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகத்தான் தேய்கிறது, அதாவது முதலில் வேகமாக விழுந்து பிறகு இழுத்துக்கொண்டே போகும். சவ்வு போட்ட மின்முனை என்றால் அடிக்கோடு (சர்க்கரை இல்லாதபோது வரும் மின்னோட்டம்) நிலைக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். பத்து விநாடியில் நீங்கள் படிப்பது சர்க்கரையின் அளவு இல்லை, நிலைக்காத மின்முனையின் தேய்வு. விரல் நுனி ரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப்புகள் சில விநாடியில் முடிக்கின்றனவே என்றால், அவை அந்தத் தேய்வையே நேரம் பார்த்து அளக்கும்படி செய்யப்பட்டவை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுபவை, மின்னோட்டமும் மைக்ரோ ஆம்பியர் கணக்கு.

ஒரு கேள்வி. ஃபெர்ரோசீன் மாதிரி மீடியேட்டர், அதாவது ஆக்சிஜனுக்குப் பதிலாக நொதியிடம் எலக்ட்ரானை வாங்கி மின்முனைக்குக் கொடுக்கும் பொருள், ஏதாவது போட்டிருக்கிறீர்களா? ஏன் கேட்கிறேன் என்றால், ஏற்காடு 1500 மீட்டர் உயரம், காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் சேலத்தைவிடக் குறைவு. மீடியேட்டர் உள்ள ஆக்சிடேஸ் சென்சரில் ஆக்சிஜன் போட்டிக்கு வருவது குறைவதால் மலை மேல் அளவு கூடிக் காட்டும்.

மூன்று_மின்முனை

மீடியேட்டர் கிடையாது அக்கா. நேராகப் பெராக்சைடுதான். 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனைக் கருத்தையே அடிப்படையாக வைத்திருக்கிறோம்.

நொதிக்காரி

அப்படியானால் குற்றவாளி சென்சர் இல்லை. உங்கள் வகையில் ஆக்சிஜனும் ஒரு மூலப்பொருள், அது குறைந்தால் மின்னோட்டம் குறையத்தான் வேண்டும். குளிரிலும் நொதியின் வேகமும் பொருள் ஊடுருவும் வேகமும் குறையும், ஒவ்வொரு டிகிரிக்கும் சில சதவீதம் வரை. இரண்டும் ஒரே பக்கம், இறக்கும் பக்கம், தள்ளுகின்றன. உங்களுக்கு ஏறுகிறது. அதுவும் சர்க்கரையே இல்லாத பஃபரில். இது மின்சுற்றுக்காரர்கள் பார்க்க வேண்டிய விஷயம்.

மலைக்குளிர்

ஏற்காட்டில் இருந்துதான் எழுதுகிறேன், அனலாக் டிசைன் என் தொழில். நொதிக்காரி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இது போர்டின் மேல்பரப்புக் கசிவு, பனிமூட்டம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

எண்களோடு யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆப்-ஆம்பின் இன்வெர்ட்டிங் பின், அதாவது சென்சர் மின்னோட்டம் வந்து சேரும் பின், 1.5 வோல்ட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே 3 வோல்ட் ட்ராக், அந்தப் பக்கம் கிரவுண்டு. சுத்தமான, காய்ந்த எஃப்ஆர்4 போர்டில் இரண்டு ட்ராக்குக்கு நடுவே ஆயிரம் ஜிகா ஓம் அளவுக்குத் தடை இருக்கலாம், அப்போது கசிவு ஒன்றிரண்டு பிக்கோ ஆம்பியர், கண்டுகொள்ளவே வேண்டாம். அதே இடத்தில் சால்டர் செய்யும்போது போடும் ஃபிளக்ஸின் மிச்சமோ விரல் வியர்வையோ படிந்து, அது பனியில் ஈரத்தை இழுத்துக்கொண்டால் தடை 1 ஜிகா ஓமுக்கு விழும். 1.5 வோல்ட்டை 1 ஜிகா ஓமால் வகுத்தால் 1.5 நானோ ஆம்பியர். உங்கள் சிறிய சிக்னல் 5 நானோ ஆம்பியர்தான். அதில் முப்பது சதவீதம் பொய். வெயில் வந்து போர்டு காய்ந்ததும் பொய்யும் காய்ந்துவிடுகிறது.

ஒரே நிமிடத்தில் உறுதி செய்யலாம். சென்சரைக் கழற்றிவிட்டு, சாக்கெட் காலியாக இருக்கும்போது காலையில் ரீடிங் பாருங்கள். காலி சாக்கெட்டிலும் நானோ ஆம்பியர் வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

பழைய_ஸ்கோப்

செவ்வாப்பேட்டைப் பக்கம் கருவிகள் ரிப்பேர் பார்க்கிறவன். மலைக்குளிர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. எலக்ட்ரோமீட்டர் வாங்க யாரிடமும் பணம் இருக்காது, தேவையும் இல்லை. சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டருக்கு 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் பெரும்பாலும் 10 மெகா ஓம் உள்தடை உள்ளது. அந்தத் தடையையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் 1 நானோ ஆம்பியர் பாயும்போது 10 மில்லிவோல்ட் காட்டும், கடைசி இலக்கம் 0.1 மில்லிவோல்ட் என்றால் 10 பிக்கோ ஆம்பியர். பேட்டரி 3 வோல்ட்டை சந்தேகப்படும் இடைவெளியின் ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கத்தில் இருந்து மீட்டர் வழியாக கிரவுண்டுக்கு வாருங்கள். எந்த இடைவெளி கசிகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம். ஐசி எல்லாம் ஏற்றிய போர்டில் செய்யாதீர்கள், காலி போர்டு ஒன்றை அதே ஃபிளக்ஸ் போட்டு சால்டர் செய்து அதில் செய்யுங்கள்.

கழுவுவது பற்றி. 'கழுவத் தேவையில்லை' என்று விற்கும் ஃபிளக்ஸ் எல்லாம் எல்இடி போர்டுக்கு சரி, இந்த வேலைக்கு நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், பிரஷ், இரண்டு முறை புதிய திரவம், அப்புறம் மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் காய விடுவது. வீட்டில் மிச்சம் கிடக்கும் கைகழுவும் சானிடைசரை ஊற்றிவிடாதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள், முன்பைவிட மோசமாகிவிடும். கழுவிய பிறகு விரலால் தொடவே கூடாது, ஓரத்தைப் பிடியுங்கள்.

அளக்கும்போது மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் போர்டை வைத்து, போசியை சர்க்யூட் கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். லேப்டாப்பில் சார்ஜர் சொருகிக்கொண்டு யூஎஸ்பி வழியாகப் படிக்காதீர்கள், அந்த ஒரு வயரே மெயின்ஸ் இரைச்சலைக் கொண்டுவந்து கொட்டும். கேபிள் ஆடினாலும் ரீடிங் ஆடும், டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

மூன்று_மின்முனை

பார்த்துவிட்டேன். காலி சாக்கெட்டில் ஏற்காட்டில் விடியற்காலை 2 நானோ ஆம்பியருக்கு மேல். அங்கேயே ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டியதும் மளமளவென்று இறங்கியது, சாக்கெட் அருகே காட்டும்போதுதான் அதிகம் இறங்கியது. நன்றி அக்கா, நன்றி அண்ணா.

புது போர்டு போடப் போகிறோம். இதற்காக எல்எம்பி7721 வாங்கலாம் என்று குழுவில் ஒருவன் சொல்கிறான், இன்புட் பயாஸ், அதாவது சிப்பின் இன்புட் தானே இழுக்கும் மின்னோட்டம், 3 ஃபெம்டோ ஆம்பியர் என்று போட்டிருக்கிறார்களே. ரெசிஸ்டரையும் 100 மெகா ஓம் ஆக்கிவிட்டால் இரைச்சல் குறையுமா?

மலைக்குளிர்

இரண்டும் வேண்டாம். இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தைப் பார்த்து இங்கேதான் காசையும் பேட்டரியையும் விடுகிறார்கள்.

எல்எம்பி7721 அருமையான சிப், பிஎச் மின்முனைக்கும் ஃபெம்டோ ஆம்பியர் வேலைக்கும் அதற்கு இணை குறைவு. ஆனால் அது ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கிறது. உங்கள் பட்டன் செல் ஒரு வாரம் தாங்கும். உங்களுக்குத் தேவையான துல்லியம் என்ன? 5 நானோ ஆம்பியரில் ஒரு சதவீதம் என்றால் 50 பிக்கோ ஆம்பியர். எல்பிவி811 என்று ஒன்று இருக்கிறது, அதன் இரட்டை வடிவம் எல்பிவி812. ஒரு ஆம்ப்புக்கு 425 நானோ ஆம்பியர்தான் சப்ளை, இன்புட் பயாஸ் வழக்கமாக 100 ஃபெம்டோ ஆம்பியர். இந்தக் கசிவு ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும். சித்திரை வெயிலில் சேலத்தில் பெட்டிக்குள் 45 டிகிரி என்றே வைத்தாலும் 25 டிகிரியைப் போல நான்கு மடங்கு, அதாவது 0.4 பிக்கோ ஆம்பியர். உங்கள் வரம்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சிலிக்கானில் வெயில் உங்களை ஒன்றும் செய்யாது, போர்டில் பனிதான் செய்கிறது.

இப்போது நீங்கள் வைத்திருக்கும் ஓபிஏ333ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஃப்செட் (இரண்டு இன்புட்டுக்கும் நடுவே இருக்கும் வோல்ட்டேஜ் பிழை) 10 மைக்ரோவோல்ட்டுக்குள் என்பதால் நல்லது என்று எடுத்திருப்பீர்கள். அந்த ஆஃப்செட்டை உள்ளே ஸ்விட்ச் போட்டுத் திருத்துகிறார்கள், அந்த ஸ்விட்ச்சுகள் கொட்டும் சார்ஜ் இன்புட்டில் பயாஸ் மின்னோட்டமாகத் தெரியும்: வழக்கமாக 70 பிக்கோ ஆம்பியர், அதிகபட்சம் 200. மில்லிவோல்ட் அளக்க அது சரியான சிப், நானோ ஆம்பியர் அளக்க இல்லை.

ரெசிஸ்டர் விஷயம். 80 நானோ ஆம்பியரை 100 மெகா ஓமில் விட்டால் 8 வோல்ட், உங்களிடம் இருப்பது 3. 10 மெகா ஓமில் 0.8 வோல்ட், 1.5 மேல் ஏறி 2.3இல் நிற்கும், பேட்டரி 2.7க்கு இறங்கினாலும் இடம் இருக்கிறது. 10 மெகா ஓமின் வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 40 ஃபெம்டோ ஆம்பியர். ஏடிஎஸ்1115ஐ 1.024 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் ஒரு படி 31 மைக்ரோவோல்ட், அதாவது 3 பிக்கோ ஆம்பியர். ரெசிஸ்டரைவிட ஏடிசியின் படியே பெரியது, அதுவும் உங்களுக்குப் போதும். ஃபீட்பேக்கில் 10 நானோ ஃபாரட் சி0ஜி வகை கெபாசிட்டர் போடுங்கள், 1.6 ஹெர்ட்ஸ் மேல் எல்லாம் தேயும். எக்ஸ்7ஆர் வகை வேண்டாம், தட்டினாலே சிக்னல் கொடுக்கும். மின்முனையின் பெரிய கெபாசிட்டன்ஸ் ஆப்-ஆம்பை ஆட்டி வைக்காமல் இருக்க வொர்க்கிங் மின்முனைக்கு (உங்கள் பிளாட்டினத்துக்கு) முன்னால் 10 கிலோ ஓம் ஒன்று தொடராகப் போடுங்கள். 80 நானோ ஆம்பியரில் அது விடுவது 0.8 மில்லிவோல்ட், 0.6 வோல்ட் பயாஸில் அது பெரிதில்லை.

லேஅவுட்தான் முக்கியம். இன்வெர்ட்டிங் பின், ரெசிஸ்டரின் அந்தக் கால், சாக்கெட்டின் வொர்க்கிங் பின், இந்த மூன்றையும் சுற்றி ஒரு கார்டு ரிங், அதாவது காவலாக ஒரு செம்பு வளையம். அதே 1.5 வோல்ட்டில் ஒரு பஃபர் ஆப்-ஆம்ப் அதை ஓட்டட்டும். இப்போது கசிவுப் பாதைக்கு இருபக்கமும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டேஜ், வித்தியாசம் ஆஃப்செட் அளவு, ஒரு மில்லிவோல்ட் என்று வையுங்கள். அதே 1 ஜிகா ஓம் அழுக்கு இருந்தாலும் கசிவு 1 பிக்கோ ஆம்பியர். போர்டு அழுக்காகத்தான் இருக்கிறது, ஆனால் ஆயிரத்தைந்நூறு மடங்கு குறைந்துவிட்டது. ரிங் மேல் பச்சை மாஸ்க் போடாதீர்கள், செம்பு திறந்திருந்தால்தான் மேல்பரப்பில் ஊரும் மின்னோட்டத்தைப் பிடிக்கும். சாக்கெட் போர்டைத் துளைத்துப் போகிறது என்றால் கீழ்ப்பக்கமும் ரிங் வேண்டும். சாக்கெட்டில் வொர்க்கிங் பின்னுக்கு இரண்டு பக்கமும் கார்டு பின் விடுங்கள், சப்ளை பின் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள்.

பட்டன்செல்

நொதிக்காரி சொன்னதற்குப் பிறகு கணக்கை மாற்றிப் போட்டேன், பயாஸை அணைக்கவே தேவையில்லை என்று வருகிறது. எல்பிவி812 ஒன்றுக்கு 0.85 மைக்ரோ ஆம்பியர், கார்டு பஃபருக்கு இன்னொரு 0.43. மைக்ரோபவர் ரெஃபரன்ஸ் ஒன்று 4. தூங்கும் கன்ட்ரோலர் 2 என்று வையுங்கள். ஏடிஎஸ்1115ஐ ஒருமுறை மட்டும் அளக்கும் முறையில், பத்து விநாடிக்கு ஒரு தடவை, 125 மில்லி விநாடி ஓட விட்டால் சராசரி 2க்குக் கீழே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புளூடூத் பாக்கெட் என்பது சராசரியில் தெரியவே தெரியாது. எல்லாம் சேர்த்து 10 மைக்ரோ ஆம்பியர். மூன்று மாதம் கேட்டார்கள், இரண்டு வருடத்துக்கு மேல் காகிதத்தில் வருகிறது.

இரண்டு எச்சரிக்கை. ரேடியோ அனுப்பும் கணத்தில் 5 மில்லி ஆம்பியர் இழுக்கும், பட்டன் செல்லின் உள்தடையால் சப்ளை சட்டென்று இறங்கும். முதலில் அளந்து முடித்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள். சப்ளையைத் தாங்கப் பெரிய டான்டலம் போடலாம் என்று தோன்றும், டேட்டா ஷீட் பார்த்துவிட்டுப் போடுங்கள்: 100 மைக்ரோ ஃபாரட், 6.3 வோல்ட் டான்டலத்துக்கு அனுமதிக்கப்பட்ட கசிவே 6 மைக்ரோ ஆம்பியர் வரை இருக்கும், உங்கள் மொத்த சர்க்யூட் இழுப்பதில் பாதிக்கு மேல். செராமிக் நான்கைந்தை இணையாகப் போடுவது நல்லது.

ரெசிஸ்டருக்குப் பதிலாக கெபாசிட்டரில் சேர்த்து அளக்கும் இன்டக்ரேட்டர் முறை இதைவிடச் சிக்கனம் என்பது என் அபிப்பிராயம். 100 பிக்கோ ஃபாரட்டில் 1 நானோ ஆம்பியர் விட்டால் விநாடிக்கு 10 வோல்ட் ஏறும், 100 மில்லி விநாடியில் 1 வோல்ட். 100 மில்லி விநாடி என்பது 50 ஹெர்ட்ஸின் ஐந்து முழுச் சுற்று, இரைச்சலும் தானாகக் கழிந்துவிடும்.

மலைக்குளிர்

பிக்கோ ஆம்பியருக்கு அது சரி, அங்கே நானும் அதைத்தான் போடுவேன். இங்கே வேண்டாம் என்று சொல்கிறேன். ரீசெட் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் கொட்டும் சார்ஜ், அணைந்திருக்கும்போது அதன் கசிவு, இரண்டும் புதிய பிழைகள். 80 நானோ ஆம்பியரில் அதே 100 பிக்கோ ஃபாரட் ஒன்றிரண்டு மில்லி விநாடியில் நிரம்பிவிடும், அப்போது 50 ஹெர்ட்ஸ் கழியும் நன்மையும் போய்விடும். மாணவர் புராஜெக்ட்டுக்கு ரெசிஸ்டரே போதும்.

ஒன்று விட்டுப்போயிற்று: ஏடிஎஸ்1115இன் இன்புட் தடை அந்த ரேஞ்சில் சில மெகா ஓம்தான். 1.5 வோல்ட்டைப் பெரிய ரெசிஸ்டர் டிவைடரில் இருந்து நேராக ஏடிசிக்குக் கொடுத்தால் அது சரிந்துவிடும். கார்டை ஓட்டும் பஃபரில் இருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

மரவள்ளி

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லில் வேலை. கிழங்கு அரைத்த கழிவுநீரில் சயனைடு பார்க்க ஒவ்வொரு முறையும் லேபுக்குப் பாட்டில் அனுப்புகிறோம். இதே சர்க்யூட்டில் அதற்கான சென்சரும் ஓடுமா?

நொதிக்காரி

ஓடும், ஆனால் தலைகீழாக அண்ணா. கிழங்கில் இருக்கும் லினமரின்தான் உடைந்து சயனைடு விடுகிறது. டைரோசினேஸ் நொதியின் வேலையைச் சயனைடு தடுக்கும், அதனால் கேட்டெகால் போன்ற ஒரு பொருளைக் கொடுத்து நிலையான மின்னோட்டம் வரவைத்து, கழிவுநீர் சேர்த்ததும் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பார்கள். இறக்கத்தை அளப்பதால் அடிக்கோடு ஒரு பொட்டு நகர்ந்தாலும் பிழை, இங்கே பேசிய கசிவு எல்லாம் உங்களுக்கு இன்னும் முக்கியம். புளித்த கழிவுநீரில் சல்ஃபைடு இருந்தால் அதுவும் நொதியைத் தடுக்கும், பிரித்துப் பார்க்க வழி வேண்டும். களத்தில் 'இன்று கூடுதலாக இருக்கிறது' என்று எச்சரிக்கப் பயன்படும், லேப் சோதனைக்கு மாற்றாக வைக்காதீர்கள்.

மலைக்குளிர்

சர்க்யூட்டில் மாற்றம் சின்னதுதான். அங்கே மின்முனையை ரெஃபரன்ஸைவிட 0.2 வோல்ட் கீழே வைப்பார்கள், மின்னோட்டம் எதிர்த் திசை. வொர்க்கிங் 1.5இலேயே இருக்கட்டும், ரெஃபரன்ஸை 0.9க்குப் பதில் 1.7க்கு ஏற்றுங்கள். அவுட்புட் 1.5இல் இருந்து கீழே இறங்கும். கார்டு ரிங்கைத் தொட வேண்டியதில்லை.

மூன்று_மின்முனை

புது போர்டு வந்து, கழுவி, எல்பிவி812 ஏற்றி, ஏற்காட்டில் வைத்துவிட்டோம். பனி நன்றாக இறங்கியிருந்த காலையில் காலி சாக்கெட்டில் ஏடிசியின் ஓரிரு படிக்குள் நிற்கிறது. பயாஸ் தொடர்ந்து ஓடுகிறது, மொத்தம் 11 மைக்ரோ ஆம்பியர். ஈரம் படாமல் இருக்க மேலே கோட்டிங் போடலாமா? அப்புறம் நாங்கள் காட்டும் 5 நானோ ஆம்பியர் உண்மையிலேயே 5தான் என்று எப்படி நிரூபிப்பது? கைடு கட்டாயம் கேட்பார்.

பழைய_ஸ்கோப்

கோட்டிங் போடலாம், ஆனால் கழுவி நன்றாகக் காய வைத்த பிறகு உடனே, பேட்டரியைக் கழற்றிவிட்டு. அழுக்கின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். சாக்கெட்டுக்குள் இறங்கவிடாதீர்கள், அதற்குப் பதில் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

நிரூபிக்க 100 மெகா ஓம், ஒரு சதவீத ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் கிடைக்கும். சாக்கெட்டில் ரெஃபரன்ஸையும் கவுன்ட்டரையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் வொர்க்கிங்குக்கும் நடுவே அந்த ரெசிஸ்டரை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். உங்கள் பயாஸ் 0.6 வோல்ட், ஆகவே 6.00 நானோ ஆம்பியர் வர வேண்டும். பிறகு 10 மெகா ஓம் போட்டு 60. ஒருமுறை சேலத்தில் மதிய வெயிலில், ஒருமுறை ஏற்காட்டில் விடியற்காலையில், இரண்டு இடத்திலும் எடுத்து ஒரே கிராஃபில் போட்டுக் கைடிடம் கொடுங்கள்.